கொடுத்த வேலையும் பறித்த வேலையும்
மக்கள் நலப் பணியாளர் அனுபவமும் வேலையற்ற இளைஞர் மனமும்

(காந்திகிராமத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவருக்குப் புகழுரை பிடிக்காது, நேராக விஷயத்துக்கு வந்துவிடுங்கள் என்று குடும்பத்தார் நேற்றே சொல்லிவிட்டார்கள். அந்த அனுமதியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்கிறேன். 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, கையால் செய்யும் வேலை மனிதனின் மனத்தையும் வளர்க்கும் என்ற ஆதாரக் கல்விக் கொள்கையோடுதான் தொடங்கினார்கள். இங்கே வந்து வேலைக்கும் மனத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. இருந்தாலும் விற்றுப் பார்க்கிறேன்.

தலைப்பைப் படித்ததும் முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததைக் கவனித்தேன். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அவர்களுக்குப் பாதி தெரியும். பல கருத்தரங்குகளில், பல ஊர்களில், கட்டுரை வாசிப்பில் தொடங்கித் தேநீர் மேசையில் நின்றுபோன சண்டை இது. அங்கெல்லாம் எனக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிஷம். இன்று மைக் என்னிடம் இருக்கிறது.

சண்டை இதுதான். வேலைவாய்ப்புத் திட்டங்களை ஆராயும் என் பொருளியல் நண்பர்கள் மூன்று கணக்குப் பார்ப்பார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வருமானம் எவ்வளவு கூடியது. மனத்தைப் பற்றிக் கேட்டால், கையில் காசு வந்தால் மனம் தானாகத் தேறும், அதற்குத் தனியாக ஓர் அத்தியாயம் எதற்கு என்பார்கள். என் கட்சி வேறு. நெடுநாள் வேலையில்லாமல் இருந்த இளைஞனுக்கு ஒரு திட்டம் நல்லது செய்ததா, கெடுதல் செய்ததா என்பதை அது நடக்கும்போது சொல்லவே முடியாது. அது முடிந்து ஓராண்டு கழித்துத்தான் சொல்ல முடியும். உள்ளே விட்ட நாளை அளந்து என்ன பயன்? வெளியே அனுப்பிய விதத்தை அளக்க வேண்டும். இதை மறுப்பவர்களிடம் நான் எப்போதும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லத் தொடங்குவேன். முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இன்று முடித்துவிடுகிறேன்.

மூன்று முறை

1989-இல் தமிழக அரசு ஊராட்சிக்கு இருவர் வீதம் 12,617 ஊராட்சிகளில் 25,234 பேரை ‘மக்கள் நலப் பணியாளர்’ என்ற பெயரில் நியமித்தது. படித்துவிட்டுக் கிராமத்தில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்கு வேலை கொடுப்பதே திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். சம்பளம் என்று சொல்ல முடியாது, மதிப்பூதியம்தான். ஊராட்சியின் அன்றாட வேலைகளில் உதவுவதும் அரசுத் திட்டங்களை மக்களிடம் கொண்டுசேர்ப்பதும் பணி.

1991-இல் ஆட்சி மாறியது. எல்லோரும் நீக்கப்பட்டார்கள். 1996-இல் மறுபடி ஆட்சி மாற, 1997-இல் பணியாளர்கள் திரும்ப வந்தார்கள். 2001-இல் ஆட்சி மாறிய கையோடு நீக்கம். 2006-இல் திரும்பவும் நியமனம். 2011 நவம்பர் 8-ஆம் தேதி மறுபடியும் நீக்கம். இந்த முறை ஏறத்தாழ 13,500 பேர். அதன்பிறகு பதினோரு ஆண்டு வழக்கு. 2022-இல் அரசு அவர்களை நூறு நாள் வேலைத் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளர்களாக, மாதம் 7,500 ரூபாய்க்கு, எடுத்துக்கொள்வதாக ஆணையிட்டது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்றது.

கூட்டிப் பாருங்கள். 1989-இல் இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்த ஓர் இளைஞனுக்கு 2022-இல் வயது ஐம்பத்தைந்து. அந்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவன் பணியில் இருந்தது சுமார் பதினொன்றரை ஆண்டு. மீதியெல்லாம் காத்திருப்பு. அரசாங்கம் கொடுத்த வேலையை அரசாங்கமே பறித்து, மறுபடி கொடுத்து, மறுபடி பறித்து, மூன்று சுற்று வந்திருக்கிறது. அதே ஆட்கள், அதே ஊர், அதே வேலை. ஓர் ஆய்வாளன் வேண்டுமென்றே இப்படியொரு சோதனை நடத்த முன்வந்தால் எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. அரசியல் அதைச் செய்து முடித்திருக்கிறது. இப்படிக் கிடைத்த ஒன்றை என் துறைக்காரர்கள் ‘அது கட்சிக்காரங்களுக்குக் கொடுத்த வேலை’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார்கள்.

கட்சி வேலை என்பதை நான் மறுக்கவில்லை. நியமனத்தில் கட்சிச் சார்பு இருந்தது என்று ஒரு தரப்பும், நீக்கத்தில் பழிவாங்கல் இருந்தது என்று மறு தரப்பும் சட்டமன்றத்தில் பேசியாயிற்று. அந்த வாதத்தில் எனக்கு அக்கறையில்லை. சிபாரிசில் வேலை வாங்கியவனுக்கு வேலை போனால் தூக்கம் கெடாதா? காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப இடமில்லாமல் போவது, எந்தக் கட்சிக்காரனுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆத்தூர் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி, பெயர் வேண்டாம். அங்கே 1989 முதல் மூன்று சுற்றும் பார்த்த ஒருவரோடு நான் பல முறை பேசியிருக்கிறேன். அவர் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் பால் கவர் மாதிரித் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்கள். முதல் நியமன ஆணை தட்டச்சில் அடித்தது, பெயரை மட்டும் பேனாவால் நிரப்பியிருந்தது. இரண்டாவது சைக்ளோஸ்டைல், மை ஊறி எழுத்து தடித்திருந்தது. மூன்றாவது கம்ப்யூட்டர் பிரிண்ட். நியமனத்துக்கு மூன்று காகிதம் இருந்தது. நீக்கத்துக்கு? பெட்டியில் இருந்தவை செய்தித்தாள் கத்தரிப்புகள்தான். ஒவ்வொரு முறையும் வேலை போனதை அவர் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டாராம். கடைசி முறை டீக்கடையில், வேறொருவர் உரக்கப் படிக்க.

1991-இல் தனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்றார். வயசு இருந்தது; அடுத்த வேலை பார்க்கலாம் என்ற தைரியம் இருந்தது; நீக்கப்பட்ட இருபத்தையாயிரம் பேரில் தானும் ஒருவன் என்பதே ஒரு துணை. 1997-இல் வேலை திரும்ப வந்தபோது ஊரே வந்து வாழ்த்தியது. அந்த வேலையைச் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. 2001-இல் போனபோது, மாமனார் வீட்டுப் பக்கம் மாதக்கணக்கில் தலைகாட்டவில்லை. 2006-இல் மூன்றாவது முறை ஆணை வந்த நாளில் மனைவி இனிப்பு வாங்கவில்லை. இருக்கட்டும், பார்ப்போம் என்று மட்டும் சொன்னாராம். நான் இங்கே கோடு போட்டுக் காட்ட விரும்புவது இந்த இனிப்பைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் வேலை கிடைத்த மகிழ்ச்சி சுருங்கியிருக்கிறது. போன வலி பெருத்திருக்கிறது. பொருளியல் பாடநூலின்படி மதிப்பூதியம் கூடியிருக்கிறதே, மகிழ்ச்சியும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை.

2011-க்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். முதியோர் உதவித்தொகை மனு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, வீட்டுவரி ரசீது என்று எதற்கெடுத்தாலும் ஊர் அவரிடம்தான் வந்து பழகியிருந்தது. வேலை போன பிறகும் வந்தார்கள். அவரும் எழுதிக் கொடுத்தார், யூனியன் ஆபீசுக்குக் கூடவும் போனார். அதே ஆபீஸ், அதே மேசை. எதிரே இருந்தவர் மட்டும் புதியவர். நீங்கள் யார் என்று கேட்டார். அன்றோடு இவர் யூனியன் ஆபீசுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் சொந்த ஊர் டீக்கடையையும் நிறுத்தினார். அங்கே உட்கார்ந்தால் ‘கேஸ் என்னாச்சு?’ என்று யாராவது கேட்பார்கள். கேட்டவர்கள் அக்கறையில்தான் கேட்டார்கள். ஆனால் தினமும் அதே பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தன்னை யாரென்று தெரியாத இடத்தில் ஒரு டீ. இதை எந்தப் புள்ளிவிவரப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

அந்தக் காலத்தில் அவர் பட்டினி கிடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கறவை மாடு, மனைவிக்கு நூறு நாள் வேலை, சீசனில் பூ மண்டிக்குச் சரக்கு ஏற்றிவிடும் வேலை என்று எப்படியோ ஓடியது. மதிப்பூதியத்தைவிடச் சில மாதங்களில் கூடுதலாகவே கைக்கு வந்திருக்கிறது. ஆக, காசு குறைந்ததால் மனம் உடைந்தது என்ற விளக்கம் இங்கே நொண்டுகிறது.

இன்னோர் ஊரில் ஒரு பெண்மணி. பணியில் இருந்தபோது நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் பேர் வாசித்து வருகை எடுக்க உதவியவர். 2011-க்குப் பின் அதே வேலையிடத்தில் மண்வெட்டியோடு வரிசையில் நின்று, தன் பெயர் வாசிக்கப்பட்டபோது கை தூக்கினார். முதல் வாரம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றதாகச் சொன்னார். பிறகு பழகிவிட்டது. கூட வேலை செய்த பெண்கள் கிண்டல் செய்தார்கள், இவரும் திருப்பிக் கிண்டல் செய்தார், முடிந்தது. ஆண் டீக்கடையை மாற்றிய காலத்தில் பெண் வேலை நடக்கும் குளத்துக் கரைமேல் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறார். இரண்டு பேரை வைத்து ஆண் பெண் வேறுபாடு பேசக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த வேறுபாட்டுக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு; பின்னால் வருகிறேன்.

நண்பர்களின் அடுத்த வாதம்: பதினோரு ஆண்டு வழக்காடினார்களே, எல்லாம் பணி நிரந்தரத்துக்கும் பென்ஷனுக்கும்தானே? ஒப்புக்கொள்கிறேன், பென்ஷன் சின்ன விஷயமில்லை. ஆனால் இதோடு சேர்த்து நெடுஞ்சாலைத் துறைச் சாலைப் பணியாளர்களையும் பாருங்கள். 1997-இல் சுமார் பத்தாயிரம் பேர் எடுக்கப்பட்டார்கள். 2002-இல் நீக்கப்பட்டு 2006-இல் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். வேலை திரும்பக் கிடைத்தும் அவர்கள் போராட்டம் ஓயவில்லை. இடையில் வெளியே இருந்த 41 மாதத்தைப் பணிக்காலமாக அறிவிக்க வேண்டும் என்பது அவர்களின் நெடுங்காலக் கோரிக்கை. அதிலும் காசு இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது. ஆனால் அவர்கள் தர்ணாவில் போய் நின்று கேளுங்கள். நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று அந்த 41 மாதத்தை வெட்டினீர்கள் என்பதுதான் பேச்சு. தன் வாழ்க்கையில் ஒரு துண்டு கணக்கில் சேராமல் போனதை மனிதன் பொறுப்பதில்லை. இதைக் கூலிக் கணக்காக மட்டும் வாசிப்பவர் காதை மூடிக்கொண்டு வாசிக்கிறார்.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை அவர்கள் சொல்லாவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். 1997-இலும் 2006-இலும் திரும்பி வந்தவர்கள், இடையில் வேறு நல்ல வேலை கிடைக்காதவர்கள். கிடைத்தவர்கள் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விட்டார்கள். அதனால் திரும்பி வந்தவர்களின் மனநிலையை மட்டும் பார்த்து எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. சரி. ஆனால் இது என் கட்சியைத்தான் பலப்படுத்துகிறது. விட்டுப் போகாமல் ஊரிலேயே காத்திருந்தவர்கள் ஏன் காத்திருந்தார்கள்? இரண்டு முறை திரும்ப வந்த வேலை மூன்றாவது முறையும் வரும் என்ற எண்ணம்தான் அவர்களை ஊரில் கட்டிப்போட்டது. திட்டம் கொடுத்த வேலையைவிட, திட்டம் கொடுத்த நம்பிக்கை ஆளை அதிகமாக முடக்கியிருக்கிறது. நீக்கிவிட்டு, இனி கிடையாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தால்கூடப் பலர் முப்பது வயதிலேயே வேறு தொழில் பழகியிருப்பார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஒரு கதவு திறக்கும் என்று தெரிந்தால் எவன் வேறு கதவைத் தட்டுவான்?

நான் சந்தித்தவர்களில் ஒருவர் அதற்குள் மளிகைக்கடை வைத்து நன்றாகவே இருந்தார். 2022-இல் 7,500 ரூபாய்க்குத் திரும்பப் போக வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. போனார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போனார். கடையில் இதைவிட வருமே என்று கேட்டேன். வரும் என்றார். அதற்குமேல் விளக்கவில்லை.

மரியந்தாலும் அதன் பேரனும்

இதற்கெல்லாம் கோட்பாடு உண்டா என்று கேட்பவர்களுக்காக. வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்ற ஊர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. உலகப் பெருமந்தத்தில் ஆலை மூடப்பட்டது. 1931–32-இல் மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் அங்கே போய் ஆராய்ந்து 1933-இல் நூல் வெளியிட்டார்கள். வேலை போனவர்களுக்கு நேரம் நிறையக் கிடைத்தது. ஆனால் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது, கட்டணத்தை நீக்கிய பிறகும், ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் ஜன்னலோரம் மறைந்திருந்து தெருவில் நடப்பவர்களைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் நின்று நின்று நடந்தார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள், அவர்களுக்கு வீட்டில் வேலை இருந்தது. நான் முன்னால் சொன்ன கரைமேல் பெண்மணிக்கு முன்னோடி இதுதான்.

யஹோடா பிற்காலத்தில் இதை ஐந்தாகப் பிரித்தார். வேலை என்பது கூலியோடு சேர்த்து நாளுக்கு ஒரு வடிவம் தருகிறது. வீட்டுக்கு வெளியே மனிதரைச் சந்திக்க வைக்கிறது. தன்னைவிடப் பெரிய ஒரு நோக்கத்தில் சேர்க்கிறது. ஊரில் ஓர் இடம் தருகிறது. சும்மா இருக்க விடாமல் இயக்குகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் ஃபிரையர் இதை மறுத்தார். வறுமைதான் முதல் காரணம், கையில் காசில்லாதவன் திட்டமிட்டு வாழ முடியாமல் போகிறான், அதை மறைத்துவிட்டு வேலையின் மகிமை பேசக்கூடாது என்றார். என் நண்பர்கள் ஃபிரையரைப் பிடித்துக்கொண்டு என்னை அடிப்பார்கள். ஃபிரையர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் தவறான திட்டங்களையும் வசைபாடியவர். அந்தப் பக்கத்தை இவர்கள் படிப்பதில்லை.

காசா வேலையா என்பதைப் பிரித்துப் பார்க்கும் சோதனை நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாமில் ரோஹிங்கியா அகதிகள் 745 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வேலையும் கூலியும். இன்னொரு குழுவுக்கு அதே அளவு பணம், வேலை இல்லை. மூன்றாவது ஒப்பீட்டுக் குழு. வேலை செய்தவர்களின் மனநலம் தெளிவாகத் தேறியது. பணம் மட்டும் வாங்கியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. வேலை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், கூலியே இல்லாவிட்டாலும் கொஞ்ச காலம் தொடர்ந்து செய்யத் தயார் என்றார்கள். 2022-இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் முதன்மை இதழில் வந்த கட்டுரை இது; எழுதியவர்களும் பொருளியலாளர்களே. உளவியல்காரன் கதை விடுகிறான் என்று இனிச் சொல்ல முடியாது.

மரியந்தால் இருக்கும் அதே கிராமட்நொய்சீடல் பேரூரில் 2020 அக்டோபரில் ஆஸ்திரிய வேலைவாய்ப்புத் துறை ஒரு திட்டம் தொடங்கியது. ஓராண்டுக்குமேல் வேலையில்லாத ஒவ்வொருவருக்கும் வேலை உறுதி. கட்டாயமில்லை, விரும்பினால் சேரலாம். முதலில் சில வாரம் தயார்ப்படுத்தல், பிறகு வேலை. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்தபோது யஹோடா சொன்ன நாள்வடிவம், மனிதத் தொடர்பு, ஊரில் இடம் எல்லாமே கூடியிருந்தன. உடல்நலத்தில் மாற்றமில்லை. இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் காலவரையறை. எத்தனை ஆண்டு என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது.

நம்முடைய திட்டங்கள்

நேரம் ஆகிறது, விரைவாகப் போகிறேன்.

நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழகத்தில் எடுத்த ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. நமக்கு இதில் மூத்த அனுபவம் உண்டு. பட்டம் படித்த இளைஞர்கள் அந்தக் கரைக்கு வருவதில்லை. வருகிறவர்களில் பெரும்பங்கு பெண்கள், அதிலும் வயதானவர்கள். சோம்பேறித் திட்டம் என்று திட்டுகிறவர்கள் ஒரு காலைப் பொழுது அந்தக் கரைமேல் நின்று பார்க்கட்டும். வருகை எடுத்து முடிவதற்குள் யார் வீட்டில் காய்ச்சல், யார் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்ற அத்தனை சேதியும் பரிமாறப்பட்டுவிடும். வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்க நான்கு பேர் இருக்கிறார்கள். வீட்டு மாடியில் போட்டித் தேர்வுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் அவர்கள் பேரனை அப்படிக் கேட்க யாருமில்லை.

அந்தப் பேரனுக்கு அரசு என்ன தருகிறது? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தால் உதவித்தொகை, பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூ படித்தவருக்கு 400, பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு 300, தவறியவருக்கு 200, மூன்றாண்டுக்கு. இதற்கு ஆண்டுதோறும், நான் இன்னும் வேலையில் இல்லை என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். முப்பது வயது நெருங்கும் ஒருவனிடம் வருஷத்துக்கு ஒருமுறை இதை எழுதி வாங்குவதை யார் வடிவமைத்தார்களோ, அவர்கள் அந்தப் படிவத்தை ஒருமுறை தாங்களே நிரப்பிப் பார்த்திருக்கலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ரினீவல் வேறு. தவறினால் சீனியாரிட்டி போய்விடும்.

மறுபக்கம் தேர்வு. 2022-இல் குரூப் 4-க்கு 7,301 இடம். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். ஜூலையில் எழுதிய தேர்வுக்கு மறுஆண்டு மார்ச்சில் முடிவு வந்தது. ‘படிச்சிட்டிருக்கேன்’ என்று சொல்லிக்கொள்ளும் வசதியை அந்த எட்டு மாதம் தந்தது. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நாளுக்கு வடிவமும் ஊரில் ஒரு பதிலும் தருவதால்தான் பலர் தேர்வைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். திண்டுக்கல் நூலகத்தில் காலையில் இடம்பிடிக்க நடக்கும் தள்ளுமுள்ளுவுக்குக் காரணம் தேர்வு மட்டுமல்ல, கிளம்பிப் போக ஓர் இடம் இருக்கிறதே என்பதும்தான்.

திறன் பயிற்சித் திட்டங்களைப் பற்றி நான் கடுமையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். கொஞ்சம் பேசுகிறேன். 1979-இல் தொடங்கிய டிரைசெம் முதல் 2014-இன் தீனதயாள் உபாத்யாய கிராமிய கௌசல்ய யோஜனா, 2022-இன் ‘நான் முதல்வன்’ வரை நோக்கத்தில் குறையில்லை. பயிற்சி நடக்கும் மாதங்களில் பையன்களின் முகம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்: அடையாள அட்டை, சீருடை, காலை பஸ், கூட நான்கு நண்பர்கள். சிக்கல் சான்றிதழ் கொடுத்த மறுநாளில்தான். பிரிட்டனில் எண்பதுகளில் வேலையற்ற இளைஞர் திட்டங்களை ஆராய்ந்தவர்கள் இதைத்தான் கண்டார்கள்: திட்டத்தில் இருக்கும்வரை மனம் தேறுகிறது, முடிந்து வேலையில்லாமல் திரும்பினால் தேறியது போய்விடுகிறது. நம் ஊரில் கூடுதலாக ஒன்று சேர்கிறது. முன்பு ‘வேலை கிடைக்கவில்லை’ என்றிருந்தவன் இப்போது ‘பயிற்சி கொடுத்தும் கிடைக்கவில்லை’ என்றாகிறான். பழி அவன் தலையில் விழுகிறது. பிளேஸ்மெண்ட் சதவீதத்தில் இது தெரியாது. பட்டியலில் பெயர் ஏறியதும் எண்ணிக்கை முடிந்துவிடுகிறது.

செய்யக்கூடியவை

மாணவர்களுக்குச் சில குறிப்பு மட்டும். விரித்துச் சொல்ல நேரமில்லை.

எந்த வேலைத் திட்டத்தையும் மதிப்பிடும்போது சேரும் நாள், முடியும் நாள், முடிந்து ஓராண்டு என மூன்று முறை கேளுங்கள். கோல்ட்பெர்க்கின் பன்னிரண்டு கேள்வி மனநலப் படிவம் போதும், அதற்குமேல் வேண்டாம். ஆனால் டீக்கடையைப் பற்றியும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகக்காரர்கள் வேலை தேடுவோருக்கு நடத்திய சிறு பயிற்சியில், வேலை கிடைக்காமல் போனால் எப்படிச் சமாளிப்பது என்பதையும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார்கள். மனச்சோர்வு அபாயம் அதிகமாக இருந்தவர்களுக்கு அது நன்றாகவே உதவியது. அதைத் தமிழில், நம் வட்டார வழக்கில் செய்து பார்க்கலாம். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பும் இளம்பெண்களைத் தனியாக ஆராய வேண்டும். அவர்களுக்கு வெளியேற்றம் கல்யாணத்தோடு சேர்ந்து வருகிறது, அதனால் கதை வேறாக இருக்கும். உதவித்தொகைப் படிவத்தின் வாசகத்தை மாற்றிப் பார்ப்பது ஒரு செலவில்லாத சோதனை. இலங்கையில் பட்டதாரிப் பயிலுநர் திட்டங்கள் பல உண்டு, ஒப்பிடலாம்.

திட்டம் வகுப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. வேலை கொடுக்கும் ஆணையிலேயே அது எந்த நாளில் எப்படி முடியும் என்பதையும் எழுதுங்கள். முடிக்க வேண்டியிருந்தால், ஆளுக்கு ஒரு காகிதமாவது கொடுத்து முடியுங்கள்.

கடைசியாக, ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1989-இல் இருபது இருபத்தைந்து வயதில் சேர்ந்த மக்கள் நலப் பணியாளர்கள் இப்போது அறுபதை ஒட்டி நிற்கிறார்கள். வழக்கு முடிவதற்குள் இறந்துபோனவர்களும் உண்டு. இங்கிருந்து ஆத்தூர் ஒன்றியத்து ஊராட்சிகளுக்கு டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். இந்த ஆண்டே போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.